மைலுக்கு ஒரு ரூபா

வங்கிப் பெடியன் இரண்டு அட்டைப் படங்களை
ஆணித் தட்டுக்கும் தராசுக்கும் இடையில் வைத்தான்.
பெயர் அபினயன். வவுனியாவில் கட்டிய கழுத்துப்பட்டி
மாங்குளம் சந்திக்கு வரமுதலே நனைந்துவிட்டது.

நீலத்துக்கு ஆண்டுக் கட்டணம் மூவாயிரத்து ஐந்நூறு.
கறுப்புக்குப் பதினெண்ணாயிரம்.
"உங்களுக்குக் கறுப்புத்தான் அக்கா எடுப்பு" என்றான்,
புடைவைக் கடைக்காரனைப் போல.

சீமெந்துப் பில்லொன்றைத் திருப்பிப்போட்டேன்.
கடைக்குச் சரக்கெடுக்க மாதம் ஒன்றரை லட்சம்.
நீலத்தில் இருநூறு ரூபாய்க்கு ஒரு மைல்,
கறுப்பில் நூறுக்கு ஒன்று.
வருசம் ஒன்பதினாயிரம், வருசம் பதினெண்ணாயிரம்.
எங்கள் ஊரில் மைல் என்பது
மைல்கட்டை நின்ற காலத்து ஆட்கள் சொல்வது.
இப்போது அதைக் கூரைத்தகடு விற்றும் சேர்க்கலாமாம்.

விமான நிலையத்தில் இளைப்பாறும் கூடம்,
வருசத்துக்கு நாலு தரம் இலவசம்.
குளிர்காற்று, மெத்தைக் கதிரை, விரும்பியதைச் சாப்பிடலாம்.
இங்கிருந்து கட்டுநாயக்கா ஏழு மணித்தியாலம்.
அந்த ஏழுக்கும் ஏதாவது தருவீர்களா என்று கேட்டேன்.
சிரித்தான். பல்லில் கம்பி போட்டிருந்தான்.

பொதி தொலைந்தால் இழப்பீடு, ஐந்து லட்சம் வரை.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சின்ன எழுத்தை வாசித்தேன்:
இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும்.
யுத்தம், கலகம், அரச பறிமுதல் இவற்றுக்குப் பொருந்தாது.
மாத்தளனில் விட்ட பச்சைச் சூட்கேசின் பூட்டு
ஒரு கணம் கையில் தட்டுப்பட்டது.
பக்கத்தைப் புரட்டினேன்.

பிறேமனில் கேதீசண்ணா.
போய்ப் பார்க்க எவ்வளவு மைல் என்றேன்.
கைபேசியில் தட்டித் தேடிச் சொன்னான்:
போக ஐம்பத்தீராயிரம், வர இன்னோர் ஐம்பத்தீராயிரம்.
"ஆனா அக்கா, மூண்டு வருசத்தில
மைல் காலாவதியாகும்."

மூன்று வருசத்தில் கறுப்பு ஐம்பத்துநாலாயிரம்.
போகலாம், வர ஏலாது.
இரண்டாயிரம் மிச்சம் வேறு.
அண்ணன் இப்படித்தான் போனவன்,
நளாயினியும் அவளின் மச்சானும் அப்படித்தான்.
ஒருவரும் அட்டை வைத்திருக்கவில்லை.

மூன்று வருசக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தேன்,
அதுவும் ஐம்பத்துநாலாயிரம்.
மைலுக்கு ஒரு ரூபா.
நான் சேர்க்கவில்லை, வாங்குகிறேன்.

நீலத்தில் இருபத்தேழாயிரம் வரும்,
திருச்சிக்குப் போய் வரலாம் என்றான்.
திருச்சியில் எனக்கு ஒருவருமில்லை.
ஆனால் "வரலாம்" என்ற சொல் இருந்தது,
அதனால் பேனையை நீலத்தின் மேல் வைத்துக்கொண்டிருந்தேன்.

எதற்கும் கேட்போமென்று
கிளிநொச்சி மொத்தக் கடைக்குப் போன் போட்டேன்.
காட் எண்டால் ரெண்டரை வீதம் கூட, தங்கச்சி,
காசெண்டால் பழைய விலை.
மாதம் மூவாயிரத்து எழுநூற்றைம்பது.
வருசத்துக்குப் பெருக்க அபினயன்தான் கணக்கிட்டான்,
நாற்பத்தையாயிரம் என்று மெல்லச் சொல்லிவிட்டு
கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான்.
இந்த மாதம் இன்னும் இரண்டு கையெழுத்து வேணுமாம்.
பிளேன்ரீ ஒன்று சொல்லிவிட்டேன்.

அப்போது ஒலுமடுவிலிருந்து ஒருவர்,
கதவுக்குப் பிணைச்சல், நாலு அங்குலம், மூன்று சோடி.
கைக்கு அகப்பட்ட பில்லில் விலையை எழுதிக் கொடுத்தேன்.
காசை எண்ணித் தந்துவிட்டுப்
பிணைச்சலைச் சேட்டுப் பைக்குள் போட்டார்,
அதோடு பில்லையும்,
அதன் பின்பக்கத்தில் பிறேமனையும் திருச்சியையும்.
சைக்கிளை உழக்கிக்கொண்டு கிழக்கே போனார்.

"திரும்பக் கூட்டுவமா அக்கா?" என்றான் அபினயன்.